தனக்கு எதிராகவே சாட்சி சொன்ன அறிவியலாளர் மாக்ஸ் பிளாங்க்



கொல்லன் உலையில் இரும்பு காய்வதை நம்மில் பலர் பார்த்திருப்போம். உலையில் வைத்த சிறிது நேரம் அது கறுப்பாகவே இருக்கும். ஆனால் அருகே கையைக் கொண்டுபோனால் சூடு அடிக்கும். துருத்தி ஊத ஊத மங்கலான சிவப்பு தோன்றும். பிறகு செம்மஞ்சள், பிறகு மஞ்சள், இன்னும் காய்ந்தால் கண் கூசும் வெண்மை. நிறத்தைப் பார்த்தே சூட்டின் பதத்தைச் சொல்லிவிடுவார் அனுபவமுள்ள கொல்லர். இரும்புக்குப் பதிலாக வேறொரு பொருளை வைத்துக் காய்ச்சினாலும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் நிறம் மாறும்.

இது ஏன் இப்படி நடக்கிறது? ஏன் முதலில் சிவப்பு? எடுத்த எடுப்பிலேயே நீலமாக ஒளிராதது ஏன்? தலைமுறை தலைமுறையாக மனிதர் கண்ணெதிரே நடந்துவந்த இந்தச் சிறு நிகழ்ச்சிக்கு 1900ஆம் ஆண்டின் இறுதிவரை அறிவியலிடம் சரியான விளக்கம் இல்லை. அந்த விளக்கத்தைக் கொடுத்தவர் ஜெர்மனி நாட்டைச் சேர்ந்த மாக்ஸ் பிளாங்க். அதிலிருந்து கிளைத்ததுதான் குவாண்டம் இயற்பியல். நம் கையிலுள்ள கைப்பேசி முதல் கண் மருத்துவமனையின் லேசர் கருவி வரை பலவும் அதன் வழிவந்தவையே.

ஆனால் அந்த விளக்கம் பிளாங்குக்கே பிடிக்கவில்லை என்பதுதான் வியப்பு. இருபது ஆண்டுகளாகத் தாம் நம்பிவந்த ஒன்றைக் கைவிட்டால்தான் அந்த விடை கிடைக்கும் என்ற நிலை வந்தது. அவர் கைவிட்டார். பிறகு வாழ்க்கை அவரிடம் இதைவிடப் பெரியவற்றையெல்லாம் கேட்டது. அந்த மனிதரின் வாழ்வை இன்று நாம் சேர்ந்து சிந்திப்போம்.

மேலே தூக்கிய கல்

மாக்ஸ் பிளாங்க் 1858ஆம் ஆண்டு ஏப்ரல் 23 அன்று ஜெர்மனியின் வட பகுதியிலுள்ள கீல் நகரில் பிறந்தார். அவருடைய கொள்ளுத்தாத்தாவும் தாத்தாவும் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இறையியல் பேராசிரியர்கள். தந்தை சட்டப் பேராசிரியர். குடும்பம் லூத்தரன் சபையைச் சேர்ந்தது. கடமை, நேர்மை, நாட்டுப்பற்று ஆகிய மூன்றும் அந்த வீட்டில் சொல்லிக்கொடுக்காமலே கற்றுக்கொள்ளப்பட்டவை.

1867இல் குடும்பம் மியூனிக் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பள்ளியில் ஹெர்மன் முல்லர் என்ற ஆசிரியர் கணிதமும் இயற்பியலும் கற்பித்தார். ஆற்றல் அழிவதில்லை என்ற விதியை விளக்க அவர் ஒரு கொத்தனாரின் கதையைச் சொன்னார். கொத்தனார் ஒரு கனமான கல்லைப் பாடுபட்டுத் தூக்கிக் கூரைமேல் வைக்கிறார். அவர் பட்ட பாடு வீணாகவில்லை. அது அந்தக் கல்லிலேயே அடங்கிக் கிடக்கிறது. எத்தனையோ ஆண்டுகள் கழித்து அந்தக் கல் பெயர்ந்து ஒருவருடைய தலையில் விழுந்தால், அன்றைக்கு அந்த உழைப்பு வெளிப்படுகிறது. சிறுவன் பிளாங்க் இதை வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. மனிதர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாறாமல் நிற்கும் விதிகள் உலகில் இருக்கின்றன என்ற எண்ணம் அன்றே அவருக்குள் வேரூன்றிவிட்டது.

அவருக்கு இசையும் வந்தது. பியானோவும் ஆர்கனும் செல்லோவும் நன்றாக வாசிப்பார். இசையா, இயற்பியலா என்று தயங்கி, கடைசியில் இயற்பியலைத் தேர்ந்தார். மியூனிக் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிலிப் ஃபான் ஜாலி, இந்தத் துறையில் அநேகமாக எல்லாமே கண்டுபிடித்தாகிவிட்டது, சில ஓட்டைகளை அடைப்பதுதான் மீதி என்று சொல்லி அவரைத் தடுத்துப்பார்த்தார். புதிதாக எதையும் கண்டுபிடிக்கும் ஆசை தமக்கு இல்லை என்றும், ஏற்கெனவே தெரிந்தவற்றின் அடிப்படையைப் புரிந்துகொண்டால் போதும் என்றும் அந்த இளைஞர் பதில் சொன்னார். பணிவான அந்த ஆசையோடு தொடங்கியவர்தான் பிற்காலத்தில் அந்த அடிப்படையையே மாற்றவேண்டியவரானார்.

அணுவை ஏற்க மறுத்த காலம்

பிளாங்கின் மனம் கவர்ந்தது வெப்ப இயக்கவியல். 1879இல், தம் 21ஆம் வயதில், அத்துறையின் இரண்டாம் விதி பற்றி முனைவர் பட்ட ஆய்வை முடித்தார். அந்த விதி நாம் அன்றாடம் காண்பதுதான். சுடச்சுட வைத்த காபி ஆறும். ஆறிய காபி தானாகவே மறுபடி சூடாகாது. வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குப் போகுமேயன்றித் தானாகத் திரும்பி வராது. இது விதிவிலக்கே இல்லாத விதி என்று பிளாங்க் உறுதியாக நம்பினார்.

இங்கேதான் அணு குறுக்கே வந்தது. 1808இல் இங்கிலாந்தின் ஜான் டால்ட்டன் அணுக்கொள்கையை நூலாக்கியதிலிருந்து வேதியியலார் அதைப் பயன்படுத்திவந்தனர். ஆனால் இயற்பியலார் பலருக்கு அது வசதியான கற்பனையாகவே தோன்றியது. அணுவைக் கண்டவர் யார்? வியன்னாவைச் சேர்ந்த லுட்விக் போல்ட்ஸ்மன் மட்டும் விடாமல் அணுவுக்காக வாதாடினார். காபி ஆறுவது, கோடானுகோடி அணுக்கள் ஒன்றோடொன்று மோதிக் கலைவதால்தான் என்றார் அவர். சீட்டுக்கட்டைக் குலுக்கினால் வரிசை கலைவதைப் போல. அப்படியானால், கலைந்த சீட்டுகள் குலுக்கலில் மறுபடி வரிசைக்கு வருவது அறவே முடியாதது அல்ல. நடக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு, அவ்வளவே. அதாவது, பிளாங்க் முழுமையான விதி என்று நம்பியது போல்ட்ஸ்மனின் பார்வையில் வெறும் வாய்ப்புக் கணக்கு.

பிளாங்கால் இதை ஏற்க முடியவில்லை. அணுக்கொள்கை இதுவரை வெற்றி கண்டிருந்தாலும் கடைசியில் கைவிடப்படும் என்று 1882இல் எழுதினார். பின்னர் அவருடைய உதவியாளர் ஒருவர் போல்ட்ஸ்மனை அச்சில் எதிர்த்தபோதும் பிளாங்கின் மனம் அந்தப் பக்கமே சாய்ந்திருந்தது.

இதற்கிடையே ஊதியமில்லாத விரிவுரையாளராக மியூனிக்கில் ஐந்தாண்டுகள் காத்திருந்து, 1885இல் கீல் நகரில் பேராசிரியர் பதவி பெற்றார். 1887இல் மாரி மெர்க் என்பவரை மணந்தார். 1889இல் பெர்லின் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. கார்ல், இரட்டைப் பெண்களான எம்மா, கிரேட்டே, இளையவன் எர்வின் என நான்கு பிள்ளைகள். இசையும் விருந்தினரும் நிறைந்த வீடு. மலை ஏறுவதும் அவருக்குப் பிடித்தமானது.

1900ஆம் ஆண்டின் அக்டோபரும் டிசம்பரும்

பெர்லினை ஒட்டிய சார்லொட்டன்பர்கில் அரசின் அளவீட்டு ஆய்வுக்கூடம் இருந்தது. மின்விளக்கும் எரிவாயு விளக்கும் போட்டியிட்ட காலம் அது. எந்த விளக்கு எவ்வளவு ஒளி தருகிறது என்பதை அளக்க நம்பத்தகுந்த அளவுகோல் தேவைப்பட்டது. எனவே அங்கிருந்தவர்கள், உள்ளே குடைவான ஒரு பொருளைக் குறித்த வெப்பநிலையில் வைத்து, அதன் சிறு துளை வழியே வரும் ஒளியை அலைநீளம் அலைநீளமாக அளந்தார்கள். அதற்குக் கரும்பொருள் கதிர்வீச்சு என்று பெயர். கொல்லன் உலையின் கேள்வி இப்படித்தான் ஆய்வுக்கூடத்துக்குள் வந்தது.

வில்லெம் வீன் என்பவர் 1896இல் தந்த சூத்திரம் முதலில் சரியாக இருப்பதாகத் தோன்றியது. பிளாங்கும் அதற்குத் தம் வெப்ப இயக்கவியலைக் கொண்டு ஓர் அடிப்படை அமைத்துக் கொடுத்திருந்தார். 1900 அக்டோபர் 7, ஞாயிற்றுக்கிழமை. ஆய்வாளர் ஹைன்ரிக் ரூபன்ஸ் தம் மனைவியோடு பிளாங்கின் வீட்டுக்கு வந்தார். பேச்சினிடையே, நீண்ட அலைநீளங்களில் வீனின் சூத்திரம் பொய்த்துவிட்டது என்று சொன்னார். விருந்தினர் போனதும் பிளாங்க் உட்கார்ந்து, இரு பக்கத்து அளவீடுகளுக்கும் பொருந்தும் புதிய சூத்திரம் ஒன்றைக் கண்டார். அன்றிரவே ஓர் அஞ்சலட்டையில் அதை ரூபன்ஸுக்கு எழுதியனுப்பினார். அக்டோபர் 19 அன்று அறிஞர் கூட்டத்தில் அதை அறிவித்தார். மறுநாள் காலையே ரூபன்ஸ் வந்து, அளவீடுகள் அச்சாகப் பொருந்துகின்றன என்றார்.

இத்தோடு அவர் நிம்மதியாக இருந்திருக்கலாம். விடை சரி, பாராட்டும் கிடைத்துவிட்டது. ஆனால் விடை சரியாக வந்தும் வழி தெரியாத கணக்கு அவருக்கு உறுத்தலாக இருந்தது. அடுத்து வந்த வாரங்களைத் தம் வாழ்வின் மிகக் கடுமையான உழைப்புக் காலம் என்று அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். தமக்குத் தெரிந்த வழிகளெல்லாம் அடைபட்டன. இறுதியில் மிஞ்சியது ஒரே வழி. அது அவர் இத்தனை காலம் எதிர்த்துவந்த போல்ட்ஸ்மனின் வாய்ப்புக் கணக்கு. அந்தக் கதவைத்தான் அவர் தட்டினார்.

எண்ணிக் கணக்கிட வேண்டுமானால், ஆற்றல் தண்ணீரைப் போல ஓடிக்கொண்டிருந்தால் சரிவராது. தனித்தனிச் சிறு பங்குகளாக இருக்க வேண்டும். அப்படி வைத்துக் கணக்கிட்டபோதுதான் சூத்திரம் வந்தது. ஒளியின் அதிர்வெண்ணை ஒரு மாறாத சிறு எண்ணால் பெருக்கினால் ஒரு பங்கின் அளவு கிடைக்கும். அந்தச் சிறு எண்ணே இன்று பிளாங்க் மாறிலி எனப்படுகிறது. 1900 டிசம்பர் 14 அன்று பெர்லினில் அவர் இதை எடுத்துரைத்தார். குவாண்டம் கொள்கையின் பிறந்தநாளாக அந்நாளையே உலகம் கொண்டாடுகிறது.

இதை நாம் ரூபாய் நோட்டைக் கொண்டு புரிந்துகொள்ளலாம். சிவப்பு ஒளி பத்து ரூபாய் நோட்டு என்றால், ஊதா ஒளி ஏறக்குறைய இருபது ரூபாய் நோட்டு. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, சில்லறைக் காசு. ஒளிக்கதிரில் பாதி நோட்டு செல்லாது. முழுசாகத்தான் கொடுக்க வேண்டும். இளஞ்சூட்டில் இருக்கும் இரும்பிடம் சில்லறை மட்டும்தான் உண்டு. எனவே கண்ணுக்குத் தெரியாமல் சூட்டை மட்டும் வீசுகிறது. இன்னும் காய்ந்தால் சிவப்புக்கு வசதி வருகிறது. நீலமும் ஊதாவும் விலை கூடியவை. வெகுவாகச் சூடேறிய பிறகே அவையும் போதிய அளவு சேர்ந்து, எல்லா நிறமும் கலந்த வெண்மை கிடைக்கிறது. கொல்லன் உலையின் நிற வரிசைக்கு இதுவே காரணம்.

அணுவை நம்பாத பிளாங்குக்கு இதிலேயே இன்னொரு விடையும் கிடைத்தது. தம் சூத்திரத்தையும் ஒளி அளவீடுகளையும் கொண்டு, குறிப்பிட்ட எடையுள்ள பொருளில் எத்தனை அணுக்கள் இருக்கும் என்பதையும், மின்னூட்டத்தின் மிகச் சிறிய அளவு எது என்பதையும் அவரால் கணக்கிட முடிந்தது. அன்றுவரை எவரும் கண்டதைவிட அது துல்லியமாக இருந்தது. இன்றைய அளவோடு சில விழுக்காடுதான் வேறுபாடு. இல்லை என்று சொன்னவரே அணுவை எண்ணிக் கொடுத்தார்.

போல்ட்ஸ்மனோ மனச்சோர்வால் வாடி, 1906இல் துயினோ என்ற கடலோர ஊரில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வியன்னாவில் அவர் கல்லறைமேல் பொறித்திருக்கும் சூத்திரம் அவருடைய கருத்துதான். ஆனால் அந்த வடிவில் அதை முதலில் எழுதியவரும், அதிலுள்ள மாறிலியைக் கணித்தவரும் பிளாங்க். அந்த மாறிலி இன்று போல்ட்ஸ்மனின் பெயரையே தாங்கி நிற்கிறது.

தாம் திறந்த கதவருகே தயங்கி நின்றவர்

பிளாங்க் தம் கண்டுபிடிப்பைக் கணக்குக்கான ஓர் ஏற்பாடாகவே முதலில் கருதினார். ஒளியே உண்மையில் பொட்டலம் பொட்டலமாக வருகிறது என்று 1905இல் துணிந்து சொன்னவர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். அணுவுக்குள் எலக்ட்ரான்கள் ஏணிப் படிகளில் நிற்பதுபோலக் குறித்த ஆற்றல் நிலைகளில்தான் நிற்க முடியும் என்றும், மேற்படியிலிருந்து கீழ்ப்படிக்கு இறங்கும்போதே குறித்த நிற ஒளி பிறக்கிறது என்றும் 1913இல் விளக்கியவர் டென்மார்க்கின் நீல்ஸ் போர். உப்பைத் தீயில் தூவினால் எப்போதும் அதே மஞ்சள் சுடர் வருவது இதனால்தான்.

பிளாங்கோ பல ஆண்டுகள் தம் சிறு எண்ணைப் பழைய இயற்பியலுக்குள் எப்படியாவது பொருத்திவிட முயன்றார். முடியவில்லை. அந்த முயற்சியை வீண் என்று அவர் எண்ணவில்லை. முடியாது என்று தெளிந்ததே பயன் என்றார். ஐன்ஸ்டைனின் ஒளிப் பொட்டலத்தை அவர் நெடுங்காலம் ஐயத்தோடுதான் பார்த்தார். ஆயினும் அவருடைய சார்பியல் கொள்கையை முதன்முதலில் வரவேற்ற பெரிய அறிஞர் பிளாங்க்தான். 1914இல் ஐன்ஸ்டைன் பெர்லினுக்கு வரவும் அவரே முன்னின்றார். ஐன்ஸ்டைன் வயலினும் பிளாங்க் பியானோவும் வாசித்த மாலைகள் பல.

பெண்கள் பல்கலைக்கழகத்துக்கு வருவதை அவர் முன்பு பொதுவாக விரும்பியவர் அல்லர். ஆனால் 1907இல் வியன்னாவிலிருந்து லீஸ மைட்னர் வந்து அனுமதி கேட்டபோது வகுப்பில் சேர்த்துக்கொண்டார். அவர் திறமையைக் கண்டபின் 1912இல் தம் உதவியாளராகவே நியமித்தார். இயற்பியலில் மட்டுமன்றி மனிதர்களைப் பற்றிய கருத்திலும் கண்முன் உள்ள சான்றுக்கு இடங்கொடுக்க அவர் கற்றுக்கொண்டார். 1918ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

ஒன்றன்பின் ஒன்றாக

விவிலியத்தில் யோபுவிடம் தூதர் ஒருவர் பேசி முடிக்குமுன்பே அடுத்தவர் வந்து நிற்பதை நாம் வாசித்திருக்கிறோம். பிளாங்கின் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. 1909இல் மனைவி மாரி இறந்தார். 1911இல் மார்கா என்பவரை மறுமணம் செய்தார். ஹெர்மன் என்ற மகன் பிறந்தான். முதல் உலகப் போரில் எர்வின் பிரெஞ்சுப் படையிடம் சிறைப்பட்டார். மூத்த மகன் கார்ல் 1916இல் வெர்டன் போர்முனையில் காயமுற்று மாண்டார். 1917இல் மகள் கிரேட்டே பிள்ளைப்பேற்றுக்குப் பின் இறந்தார். தாயற்ற குழந்தையைப் பார்க்கப் போன இரட்டைச் சகோதரி எம்மா, 1919 தொடக்கத்தில் அந்தக் குழந்தையின் தந்தையையே மணந்தார். அதே ஆண்டு நவம்பரில் எம்மாவும் பிள்ளைப்பேற்றில் இறந்தார். இரு குழந்தைகளும் பிழைத்தன. நோபல் பரிசுச் செய்தி வந்ததும் அதே நவம்பரில்தான்.

கார்லிடம் தாம் போதிய மதிப்பு வைக்கவில்லையே, அவனுடைய அருமையைப் போர்தான் தமக்குக் காட்டியது என்று அவர் வருந்தினார். எந்தத் தந்தைக்கும் இது சுடும். போர் தொடங்கியபோது தம் நாட்டுப் படைகளைக் குற்றமற்றவை என்று சொன்ன 93 அறிஞரின் அறிக்கையில் அவரும் கையெழுத்திட்டிருந்தார். போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1916இல், ஹாலந்து அறிஞர் லோரென்ட்ஸுக்கு எழுதிய திறந்த மடலில் அந்நிலையிலிருந்து விலகிக்கொண்டார். எதிரி நாட்டவர்மேல் வெறுப்பு மூண்டிருந்த நேரத்தில் அதற்குத் துணிவு வேண்டியிருந்தது.

தங்கியதும் தயங்கியதும்

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். பிளாங்க் அப்போது 75 வயதை நெருங்கியவர்; நாட்டின் தலையாய ஆய்வு அமைப்பான கைசர் வில்லெம் கழகத்தின் தலைவர். யூத அறிஞர்கள் பதவிகளிலிருந்து நீக்கப்பட்டனர். அந்த மே மாதம் அவர் ஹிட்லரை நேரில் சந்தித்து, வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹாபருக்காகப் பரிந்து பேசினார். ஹிட்லர் ஆத்திரத்தில் கத்தத் தொடங்க, அவர் வெளியேற வேண்டியதாயிற்று.

நாம் இங்கே நேர்மையாகப் பேச வேண்டும். பிளாங்க் பதவி விலகவில்லை. வெளிப்படையாக எதிர்க்கவும் இல்லை. புயல் ஓயும்வரை பொறுத்திருந்து, காப்பாற்ற முடிந்ததைக் காப்பாற்றுவோம் என்று இளைய அறிஞர்களுக்கும் அறிவுரை சொன்னார். ஐன்ஸ்டைன் பிரஷ்யக் கல்விக்கழகத்திலிருந்து விலகியபோது, அவருடைய அரசியல் போக்கைக் குறைகூறினார். அதே மூச்சில், கெப்ளர், நியூட்டன் ஆகியோரோடு ஒப்பிடத்தக்கவர் ஐன்ஸ்டைன் என்பதைக் கழகத்தின் ஏட்டில் பதியவும் வைத்தார். நாடு கடந்துபோன ஹாபர் 1934இல் இறந்தார். ஓராண்டு கழித்து அவருக்கு நினைவுக் கூட்டம் நடத்தக் கூடாது என்று அமைச்சகம் தடுத்தும், 1935 ஜனவரி 29 அன்று பிளாங்க் அதை நடத்திக் காட்டினார். போக முடியாத பேராசிரியர்கள் பலருக்குப் பதிலாக அவர்களுடைய மனைவியர் வந்து அமர்ந்தனர்.

இது போதுமா? போதாது என்பவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. சட்டத்துக்கும் அரசுக்கும் கீழ்ப்படிவதே நன்மை என்று வளர்க்கப்பட்டவர் அவர். ஆய்வுக்கூடத்தில் ஓர் எண் பொருந்தவில்லை என்றால் தம் கருத்தை மாற்றிக்கொண்டவருக்கு, அரசே பொருந்தாமல் போனபோது மாறுவது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. அவர் இடத்தில் இருந்திருந்தால் நாம் என்ன செய்திருப்போம் என்பது நாம் ஒவ்வொருவரும் தனிமையில் பதில் சொல்லவேண்டிய கேள்வி.

விலை பின்னர் வந்தது. 1944 பிப்ரவரியில் வான்தாக்குதலில் பெர்லின் வீடு எரிந்தது. நூல்களும் நாட்குறிப்புகளும் வாழ்நாள் முழுவதும் சேர்த்த கடிதங்களும் சாம்பலாயின. அந்த ஜூலையில், ஹிட்லரைக் கொல்ல நடந்த முயற்சியை அடுத்து, எர்வின் கைதானார். முதல் மனைவியின் நான்கு பிள்ளைகளில் எஞ்சியிருந்தவர் அவர் ஒருவரே. தந்தைக்கு மிக நெருங்கிய நண்பரும்கூட. அக்டோபரில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 86 வயது தந்தை, தம் வாழ்நாள் உழைப்புக்கு நாடு காட்டும் நன்றியாக மகனின் உயிரைத் தரும்படி ஹிட்லருக்கே மனு எழுதினார். பயனில்லை. 1945 ஜனவரி 23 அன்று எர்வின் தூக்கிலிடப்பட்டார்.

இறைநம்பிக்கையில் அவர் நின்ற இடம்

பிளாங்க் 1920 முதல் பெர்லினின் குருனவால்ட் ஆலயத்தில் சபை மூப்பராக இருந்தார். 1937இல் சமயமும் அறிவியலும் பற்றி ஓர் உரை தயாரித்துப் பல ஊர்களில் ஆற்றினார். இரண்டுக்கும் பகை இல்லை என்பதே அதன் சாரம். சமயம் இறைவனிலிருந்து தொடங்குகிறது. அறிவியல் தேடித் தேடி ஓர் ஒழுங்கை நோக்கிச் செல்கிறது. இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன என்றார். போர்க்காலக் கடிதங்களில், சிறுவயது முதல் தம்முள் ஊன்றிய, அனைத்து ஆற்றலும் நன்மையும் உடையவர்மேலான நம்பிக்கையே தம்மைத் தாங்குகிறது என்று எழுதினார். 1936இல் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் திருப்பீட அறிவியல் கழகத்தைப் புதுப்பித்தபோது, சமய வேறுபாடு பாராமல் சேர்த்துக்கொண்ட அறிஞர்களில் பிளாங்கும் ஒருவர்.

இதனாலோ என்னவோ, அவர் கத்தோலிக்கராகிவிட்டார் என்று கடைசிக் காலத்தில் ஒரு வதந்தி பரவியது. ஒருவர் கடிதம் எழுதிக் கேட்டபோது, 1947இல் அவர் தெளிவாக மறுத்தார். தாம் எப்போதும் ஆழ்ந்த சமய உணர்வு உடையவர் என்றும், ஆனால் ஆள்தன்மை உடைய கடவுளை, அதிலும் கிறிஸ்தவர்களின் கடவுளை நம்புபவர் அல்லர் என்றும் சொன்னார். வாழ்நாள் முழுவதும் ஆலயத்தோடு இருந்தவரிடமிருந்து இப்படி ஒரு பதில் நமக்கு வருத்தமாகவும் இருக்கலாம். அறிவியலாளரும் நம்மவரே என்று சொல்லிக்கொள்ள, அவரை நம் பட்டியலில் சேர்த்துவிட ஆசையும் வரலாம். ஆனால் 89 வயதில் ஒரு பொய்ப் பெருமையை ஏற்றுக்கொண்டு பேசாமல் இருந்துவிடாமல், தாம் நின்ற இடத்தை உள்ளபடி சொன்னாரே, 1900 டிசம்பரில் பேசியதும் அதே மனிதர்தான். அவர் நம்பிக்கையை நம்முடையதாக ஆக்கிக்கொள்ள வேண்டியதில்லை. அவருடைய நேர்மையை நாம் கேட்டுப் பெறலாம்.

கல்லறையும் எடைக்கல்லும்

போரின் இறுதியில், முதுகெலும்பு நோயால் துடித்த அந்த முதியவர், இரு படைகளுக்கு நடுவே சிக்கி, மனைவியோடு காட்டிலும் வைக்கோற்போரிலும் தங்க நேர்ந்தது. அமெரிக்க அதிகாரிகள் அவரைக் கண்டெடுத்துக் கோட்டிங்கனுக்குக் கொண்டுசேர்த்தனர். சிதறிப்போன ஆய்வுக் கழகத்தை மீண்டும் எழுப்ப 87 வயதில் தலைமைப் பொறுப்பைத் தற்காலிகமாக ஏற்றார். 1946இல் இலண்டனில் நடந்த நியூட்டன் விழாவுக்கு அழைக்கப்பட்ட ஒரே ஜெர்மானியர் அவரே. அதே ஆண்டில் அந்தக் கழகம் அவர் பெயரைச் சூடிக்கொண்டது. இன்றும் அது மாக்ஸ் பிளாங்க் கழகமாகவே இயங்குகிறது.

1947 அக்டோபர் 4 அன்று கோட்டிங்கனில் அவர் இறந்தார். பிரிந்துபோன நண்பர் ஐன்ஸ்டைன் அமெரிக்காவிலிருந்து அவர் மனைவிக்கு, அந்த வீட்டில் தாம் கழித்த நாள்களை அன்போடு நினைத்து இரங்கல் மடல் எழுதினார். கல்லறைக் கல்லில் புகழுரை எதுவும் இல்லை. அவர் பெயரும், கீழே அவர் கண்ட அந்தச் சிறு எண்ணும் மட்டும் உள்ளன.

அந்த எண் கல்லறையோடு நின்றுவிடவில்லை. பாரிஸ் அருகே பாதுகாத்துவந்த ஓர் உலோக உருளைதான் உலகத்தின் ஒரு கிலோவாக நெடுங்காலம் இருந்தது. 2019 மே 20 முதல் அது மாற்றப்பட்டு, கிலோகிராம் என்பது பிளாங்க் மாறிலியைக் கொண்டே வரையறுக்கப்படுகிறது. கடையில் நாம் வாங்கும் ஒரு கிலோ அரிசியின் அளவுக்கும் கடைசி ஆதாரம் இன்று அந்த எண்தான்.

அன்பார்ந்தவர்களே, நாமும் பல கருத்துகளைப் பல ஆண்டுகளாகப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். வீட்டில் ஒரு பிள்ளையைப் பற்றி, பங்கில் ஒரு குடும்பத்தைப் பற்றி, பேசாமல் விட்ட ஓர் உறவினரைப் பற்றி. நாம் நினைத்தது தவறு என்று காட்டும் சான்று என்றாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்தாளியைப் போல நம் வீட்டுக்கும் வரும். அன்று அதை உட்காரவைத்துக் கேட்கவும், கேட்டதைக் கொண்டு நம்மை மாற்றிக்கொள்ளவும் உண்மையின் ஊற்றாகிய இறைவன் நமக்கு மனம் தர வேண்டுமென்று மன்றாடுவோம்.